ஆயில் குடிக்கும் வண்டியும் ஆயிலக்காவும்

ஹாரன் அடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவரை அக்கா பேசி முடிக்க விடவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொன்னார். வந்தவர் மறுபடி ஹாரனைப் பற்றித் தொடங்கினார். அக்கா அதற்குள் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி தெருவைப் பார்த்து நின்றார். மேலே ஏறியிருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்க நேரம் கொடுத்தபின் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு உருவினார். ஆயிலின் அளவு காட்டும் அந்த நீளக் கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இவர் வண்டியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே பொட்டு வைத்த மாதிரி கொஞ்சம் ஈரம்தான் இருந்தது.

அக்கா கம்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஹாரன் அடிக்கலைன்னு வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா இன்ஜினே அடிச்சிருக்கும், ஊருக்கே கேட்டிருக்கும்."

இப்படித்தான் தினமும். பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்தாலும் சரி, கதவுக் கண்ணாடி இறங்கவில்லை என்று வந்தாலும் சரி, முதலில் ஆயில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அவர் ஆயிலக்கா.

பெட்ரோல் நிலையத்துக்குப் பின்புறம், கார் கழுவும் இடத்தைத் தாண்டினால் அவர் பட்டறை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. இடது பாதி அக்காவுடையது. வலது பாதியில் அவர் கணவர் டயர் வேலை பார்க்கிறார். கணவர் பேசுவது குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் அக்கா பிறந்திருக்கிறார் என்று கார் கழுவுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா எப்போதும் இரண்டு அளவு பெரிய ஆண்கள் சட்டை போட்டிருப்பார். பையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். பெட்ரோல் கலந்திருந்தால் முகம் சுளிப்பார். ஆயில் நல்லபடியாக இருந்தாலும் முகம் சுளிப்பார். வித்தியாசம் அவர் கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவுக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு பெரிதாக இருந்த இன்ஜின்களைச் சின்னதாக்கி, அவற்றின் இடுப்பில் ஒரு டர்போவை ஏற்றி வைத்துவிட்டார்கள். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். கண்ணால் பார்க்க முடியாத வேகம், கையை வைத்தால் பொசுங்கிப்போகிற சூடு. அந்தத் தண்டைத் தாங்க மெல்லிய ஆயில் படலத்தைத் தவிர வேறு நாதி இல்லை. இதை வாங்கியவர்களுக்கோ, காலை அழுத்தினால் வண்டி பறக்கிறது என்பது மட்டும்தான் தெரியும் என்பது அக்காவின் மனத்தாங்கல்.

நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைக்கிறார்கள். ஓட்டம் நின்ற ஆயில் அந்தச் சூட்டில் அடுப்பில் மறந்த பால் மாதிரி அடிப்பிடித்துக் கருகுகிறது. கருகியது பொருக்காகித் தண்டைத் தின்கிறது. பிறகு அந்த வழியாக ஆயில் கசிந்து புகையோடு புகையாகப் போகிறது. "ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணைச்சா என்ன, வீட்டுல யாராவது ஆரத்தி தட்டோட நிக்கிறாங்களா" என்பார் அக்கா. ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத் தனி வசவு. காற்று வடிகட்டியில் தூசி அப்பிக் கிடக்க, மூச்சுக்குத் திணறும் டர்போ ஆயிலையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்று தெரியாதவர்களுக்கு வேறு வசவு. குறைகிறதே என்று மேல்கோட்டையும் தாண்டி ஊற்றி வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பேச்சே வராது, தலையில் அடித்துக்கொள்வார். ஆயில் குடிக்கிற வண்டிக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊற்றியவர்களிடம்தான் அக்காவின் முழுப் பேச்சும் வெளிப்படும். குளிர்ந்த காலையில் அந்தக் கெட்டி ஆயில் தண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தண்டு தேய்ந்துவிடும். "வண்டியோட வந்த புத்தகத்துல ஒரு நம்பர் போட்டிருக்கான். அதை ஊத்துங்க. பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஊத்துறார்னு எனக்கெதுக்கு?"

சொந்தக்காரர்களுக்கும் விடிவில்லை. ஒரு கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுத்துக்கொள்ள நிற்க, அக்காவைக் காணவில்லை. தேடிப் போனால், மண்டபத்துக்குப் பின்னால் பட்டுச் சேலையோடு மாப்பிள்ளையின் சித்தப்பா வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். சித்தப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கல்யாணப் படங்கள் எதிலும் அக்கா இல்லை. சித்தப்பாவும் இல்லை.

இத்தனை பேரையும் சமாளித்த அக்காவுக்குச் சமாளிக்க முடியாத ஆள் ஒருவன் உண்டு. அவர் கூடப் பிறந்த தம்பி.

தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறான். சிறிய டர்போ இன்ஜின் வைத்த வண்டி. நிரந்தரமாக ஒரு சவாரி உண்டு: ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். சிறுநீரகம் பழுதாகிப் போனதால் வாரத்தில் சில நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டியவர். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அங்கே இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரமெல்லாம் தம்பி வெளியில் காத்திருப்பான். டீச்சர் முன் இருக்கையில்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் நோயாளி மாதிரி இருக்கிறது என்பார்.

தம்பியின் குணம் அக்காவுக்கு நேர் எதிர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "பார்த்துக்கலாம்க்கா" என்பான். சின்ன வயதில் பரீட்சைக்கு முதல் நாளும் அதைத்தான் சொன்னான், பரீட்சையில் கோட்டை விட்ட பிறகும் அதைத்தான் சொன்னான். அதனால், போன மழைக்காலம் முடிந்த கையோடு அவன் வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கியபோது அக்காவுக்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காரணம் சிரித்துக்கொண்டு எதிரில் நின்றது.

முதலில் கொஞ்சம்தான் குறைந்தது. பிறகு பின்பெட்டியில் ஆயில் டப்பா வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டி வந்தது. அக்கா தினமும் காலையில் போன் போட்டுத் திட்டினார். சூட்டோடு அணைக்காதே, கிளப்பிய உடனே மிதிக்காதே, ஊற்றினால் கோடு பார்த்து ஊற்று. எல்லாம் அப்படியேதான் செய்கிறேன் என்றான் அவன். அக்கா நம்பவில்லை. வண்டியைக் கொண்டுவந்து விடு, பிரித்துப் பார்க்கிறேன் என்றார். சவாரி இருக்கிறது, டீச்சரை விட முடியாது என்றான். அதையும் அக்கா நம்பவில்லை.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பெட்ரோல் போட வந்தவன், டீச்சரை வைத்துக்கொண்டே வண்டியைப் பட்டறைக்குள் விட்டான். அக்கா வழக்கம்போல் கம்பியை உருவினார். ஆயில் கீழ்க்கோட்டில் நின்றது. டயருக்குக் காத்திருந்த இரண்டு பேர், கார் கழுவுகிறவர்கள், டீச்சர், எல்லோரும் பார்க்க அக்கா அவனைத் திட்டத் தொடங்கினார். தம்பி, ஒவ்வொரு தடவையும் ஓட விட்டுத்தான் அணைக்கிறேன் என்று மெல்லச் சொன்னான்.

"பொய் சொல்லாதடா. பொறந்ததுலேர்ந்து உன்னைப் பார்க்கிறேன்."

டீச்சர் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். "இல்லைம்மா, நிஜமாவே ஓட விட்டுத்தான் அணைக்கிறார். எனக்கு எப்படா இறங்குவோம்னு இருக்கும், இவர் இருங்க டீச்சர், இருங்க டீச்சர்ம்பார்."

அக்கா அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினார். கூடவே உட்கார்ந்து வருகிறவர், பாசத்தில் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். ஆயில் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்து அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரம் அது நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மேட்டில் ஏறும்போது பின்னால் நீலப் புகை கிளம்பியது. பின்னால் வந்த வண்டிகள் விளக்கைச் சிமிட்டின. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. தம்பி ஓரம் கட்டி உடனே அணைத்துவிட்டான். டீச்சரை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப வெகுநேரம் பிடித்தது. அவர் முறை போய், வேறு ஒருவர் முடித்து எழுந்த பிறகுதான் இயந்திரம் கிடைத்தது. கால் வீங்கி, மூச்சு வாங்க அவர் காத்திருந்ததை ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போன தம்பி பார்த்தான். அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்று மருத்துவமனை நர்ஸ் அவனிடம் சொன்னாராம்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். அக்கா ஆரம்பித்தார். தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்றார், ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டாயே என்றார், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்றார். கணவர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சிரிக்கவில்லை. பார்த்துக்கலாம் என்றும் சொல்லவில்லை. சாவியைக் கருவி மேசையில் வைத்தான்.

"நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்க்கா. வாழ்க்கையில ஒரு தடவை நீ சொன்னதைக் கேட்டேன். அதையும் பொய்னு சொல்லிட்ட."

நடந்தே போய்விட்டான்.

அக்கா அன்று வேறு வண்டியைத் தொடவில்லை. டர்போவைப் பிரித்துக் கருகிய தண்டை எடுத்து, அதை அவன் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்க வேண்டும் என்பதே எண்ணம். முதலில் காற்று வடிகட்டியைத் திறந்தார். புதிதாக, சுத்தமாக இருந்தது. ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். காலத்தோடு மாற்றிய ஆயில், சரியான ரகம். இன்ஜினின் உள்மூச்சு வெளியேறும் வால்வு அடைத்திருக்குமோ என்று கழற்றி ஊதினார். அடைப்பில்லை. சிலிண்டர்களில் அழுத்தம் அளந்தார், ஒன்றும் குறையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததற்கு இன்ஜின் உள்ளே உரசியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அணைத்திருக்கிறான். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் அக்கா இத்தனை மாதமாகத் திட்டிய திட்டு ஒன்று கைநழுவிப் போனது. அவருக்குக் கோபம் ஏறியது. குற்றம் கண்டுபிடிக்க விடாமல் இந்த வண்டியும் அவனோடு சேர்ந்துகொண்டதே என்றிருந்தது.

கடைசியாக டர்போவின் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. சுழற்றினால் வழுக்கிக்கொண்டு சுழன்றது. கருகல் இல்லை, பொருக்கு இல்லை. ஆனால் தண்டின் இரண்டு முனைச் சக்கரங்களும் ஆயில் வழிந்து நனைந்திருந்தன. நல்ல தண்டிலிருந்து எதற்கு ஆயில் வழிய வேண்டும்?

கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா காதில் விழவில்லை.

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு வரும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற குழாய் வழியாகத் தன் பாட்டுக்குக் கீழே வடியும். வடிகிற வழி அடைத்தால் ஆயில் உள்ளேயே தேங்கும், போக வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கும். அக்கா அந்தக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தார். மூட்டுப் போட்ட இடத்தில், உள்பக்கமாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ திரண்டிருந்தது. காய்ந்து ரப்பர் மாதிரி ஆகிவிட்ட பேஸ்ட். மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகட்டை வைக்காமல் பேஸ்ட் தடவி முறுக்கினால் மிஞ்சியது உள்ளே பிதுங்கி நிற்கும். அதன்மேல் அழுக்கு சேர்ந்து சேர்ந்து, குழாயின் துவாரம் பேனா நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தச் சாம்பல் நிற பேஸ்டைச் சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் வாங்குவதில்லை. மற்றவர்கள் வாங்குவது கறுப்புதான்.

போன மழையில் தம்பியின் வண்டியில் ஆயில் சொட்டுகிறது என்று இதே குழாயைக் கழற்றியது அக்காவுக்கு நினைவு வந்தது. பழைய கேஸ்கெட் கிழிந்துவிட்டது. புதிது வர இரண்டு நாள் ஆகும். மறுநாள் டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவன் நின்றான். இப்போதைக்கு இருக்கட்டும், கேஸ்கெட் வந்ததும் மாற்றிவிடலாம் என்று பேஸ்ட் தடவி முறுக்கியவர் அக்கா. கேஸ்கெட் வந்தது. அலமாரியில் பொட்டலத்தோடு இருக்கிறது. மறந்தேபோயிற்று.

கணவர் வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் டயர் பக்கம் போனார். பேசியிருந்தால் அவரோடு சண்டை போட்டாவது அக்காவுக்கு மனது ஆறியிருக்கும்.

அக்கா குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை. கணவர் வாயைத் திறக்க மாட்டார். டர்போவில் கோளாறு, சரி செய்துவிட்டேன் என்றால் தம்பி சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு போவான். பாதித் தப்பு அவசரப்படுத்திய அவன்மேலும் இருக்கிறது என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. அவசரப்படுத்தியவன் எனக்குக் கேஸ்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று அடுத்த எண்ணம் அதைப் பிடித்துத் தள்ளியது. தன்னோடு தானே இப்படி மல்லுக்கட்டி முடிவதற்குள் அக்காவுக்கு அலுத்துவிட்டது. எழுந்து குழாயைச் சுரண்டிக் கழுவினார். அலமாரியிலிருந்த கேஸ்கெட்டை எடுத்து வைத்து முறுக்கினார். காற்று போகும் பாதையெல்லாம் தேங்கியிருந்த ஆயிலை வடித்தார். வண்டியைக் கிளப்பியதும் பழைய ஆயில் எரிந்து புகைத்தது, மெல்ல மெல்ல அடங்கியது. மறுநாள் முழுக்க மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்து அளந்தார். ஒரு துளி குறையவில்லை.

தம்பிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். அணைத்து வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி நாளன்று காலையில் அக்காவே வண்டியை ஓட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். இரவல் வண்டியோடு தம்பி அங்கே நின்றிருந்தான். டீச்சர் கைப்பையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம்தான். அன்றைக்குத் தனியாகவா திட்டினோம் என்று நினைத்து, டீச்சர் கீழே வந்து சேரும்வரை அக்கா காத்திருந்தார்.

"டீச்சர், நீங்களும் கேளுங்க" என்றார். "வண்டியில தப்பு இவன்மேல இல்லை. ஆயில் திரும்பி வர்ற குழாயை நான்தான் பேஸ்ட் போட்டு அடைச்சிருக்கேன். மறந்துட்டேன். இவன் பொய் சொல்லலை. அன்னைக்கு நீங்க காத்துக்கிடந்தது என்னாலதான்."

டீச்சர் படிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். உடம்பு இருந்த இருப்பில் அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனாலும் நின்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. தம்பியின் பக்கம் திரும்பி, பேசு என்பது போலப் பார்த்தார்.

தம்பி பேசினான். அத்தனை பேர் முன்னால் என்று ஆரம்பித்தான். எத்தனை மாதம் என்றான். டயருக்கு வந்தவன்கூட என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றான். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், நீ சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டான். கேட்டதும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "திட்டுறதுன்னா ஒழுங்காத் திட்டுடா. பாதியில விட்டா எப்படி?"

"எனக்கு வரலைக்கா. உனக்கு வர்ற மாதிரி யாருக்கும் வராது."

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்து, நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். முன் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார். தம்பி இரவல் வண்டியின் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தன் சாவியை வாங்கிக்கொண்டான். இன்னும் முழுதாக ஆறவில்லை என்பது அவன் வாங்கிய விதத்தில் தெரிந்தது. ஆனால் போன் எடுப்பான் என்பதும் தெரிந்தது.

வண்டியைக் கிளப்பினான். டீச்சர் பெல்ட் போட உதவினான். கண்ணாடியைச் சரி செய்தான். பிறகு, அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற பதற்றத்திலோ என்னவோ, கிளட்சை முழுதாக மிதிக்காமல் கியரைத் தள்ளினான். பல்லோடு பல் உரசி, கர்ரென்று தெருவெல்லாம் கேட்டது.

அக்காவின் வாய் தானாகத் திறந்தது. உள்ளங்கையால் அதை இறுக மூடிக்கொண்டு, வண்டி முனை திரும்பும்வரை அப்படியே நின்றார்.